ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது?

வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயமாக எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே பாட்டுதான். "நேத்து அடிச்சு வெச்ச லெட்டரைக் காணோம் தம்பி." "டவுன்லோடு ஆயிடுச்சுன்னு காட்டுது, எங்க போச்சுன்னுதான் தெரியல." "பென்டிரைவுல போட்டுட்டுப் போனேன், ஜெராக்ஸ் கடையில திறக்கவே மாட்டேங்குது." பேசுகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. ஆயுள் முழுக்க அலுவலகக் கணக்குப் புத்தகங்களைப் பிசகில்லாமல் பார்த்துக்கொண்டவர்களும் இதில் உண்டு. அவர்களுக்கு யாரும் ஒரே ஒரு அடிப்படையைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இவர்களிடம் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. கண்ட்ரோல் – பி அழுத்தினால் பிரிண்ட், ஆல்ட் – எஃப்4 அழுத்தினால் மூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த நீண்ட பட்டியல் எல்லார் கையிலும் இருக்கிறது. பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எதற்கு அழுத்துகிறோம் என்று புரியாமல் மனப்பாடம் செய்த சாவிகள் இரண்டு நாளில் மறந்துபோகும். அதைவிட ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிக்கொள்வது நல்லது: நான் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஃபைல், இந்த நிமிஷத்தில், எங்கே இருக்கிறது? வீட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறவருக்குத் தேவையான குறிப்புகளில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து தானாக வந்துவிடும்.

விண்டோஸை வைத்தே சொல்கிறேன். வீடுகளில் அதுதான் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்றாலும், பல வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கீழே சொல்வது 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

சிலேட்டும் நோட்டும்

கடையில் கம்ப்யூட்டர் விலை கேட்டால் "8 ஜி.பி., 512 ஜி.பி." என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். இரண்டும் ஜி.பி. என்பதால் ஏதோ ஒரே சமாசாரம் என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். சின்ன எண் ரேம். பெரிய எண் எஸ்.எஸ்.டி.; பழைய கம்ப்யூட்டராக இருந்தால் ஹார்ட் டிஸ்க். ரேமை சிலேட்டு என்றும், டிஸ்க்கை நோட்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தைத் திறக்கும்போது, நோட்டில் இருப்பதைப் பார்த்து சிலேட்டில் ஒரு நகல் எழுதப்படுகிறது. திரையில் நீங்கள் பார்ப்பது அந்த நகலை. புதிதாக அடிப்பது, திருத்துவது, படம் செருகுவது எல்லாமே சிலேட்டில்தான் நடக்கிறது. சேவ் கொடுக்கும்வரை நோட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

எதற்கு இரண்டு இடம், நேராக நோட்டிலேயே எழுதிவிட்டால் என்ன? வேகம்தான் காரணம். ரேமில் எழுதவும் படிக்கவும் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் எஸ்.எஸ்.டி.யே மந்தம், சுழலும் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை, கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்பது. ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு குறியும், கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பல தடவை, வழக்கமாக 64 மில்லி நொடிக்கு ஒரு தடவை, மொத்தத்தையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கிறது கம்ப்யூட்டர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் இந்த முறைக்கு 1968-இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் உங்கள் மேஜைமேல் இருப்பது அதே முறைதான். திரும்ப எழுத மின்சாரம் இல்லையென்றால் சிலேட்டு அழிந்துவிடுகிறது.

நம் ஊர் மின்வெட்டு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கண்ட்ரோல் – எஸ் அழுத்துவது என்றால் சிலேட்டில் இருப்பதை நோட்டில் ஏற்றுவது. ஒரு பத்தி முடிந்ததும், யோசிக்க நிறுத்தும்போது, காபி குடிக்க எழுந்திருக்கும்போது அழுத்தலாம். அடிக்கடி அழுத்துவதால் எதுவும் தேய்ந்துபோகாது.

இதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று இருக்கிறது. புதிய கடிதம் ஆரம்பிக்கும்போது முதல் வரியை அடிக்கும் முன்னாலேயே சேவ் செய்துவிடுங்கள். வேர்டில் எஃப்12 அழுத்தினால் பெயரும் இடமும் கேட்கும். வெற்றுத்தாளுக்குப் பெயர் வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எங்கே வைக்கப்போகிறோம் என்று அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்கிறோம். எல்லாம் அடித்து முடித்து, கிளம்பும் அவசரத்தில் பெட்டி வந்து கேட்டால் எதையாவது அழுத்திவிட்டுப் போகிறோம், மறுநாள் தேடுகிறோம்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்டை மூடப்போனால் "சேவ்", "டோன்ட் சேவ்", "கேன்சல்" என்று கேட்கிறதே, வீட்டுக் கம்ப்யூட்டரில் மிக அதிகமான வேலையை அழித்தது அந்த நடுப் பொத்தான்தான் என்பது என் கருத்து. "நான் ஒண்ணும் மாத்தலியே" என்று நினைத்து டோன்ட் சேவ் கொடுத்துவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் கேன்சல் கொடுங்கள். எதுவும் ஆகாது; பழைய இடத்துக்கே திரும்பி வருவீர்கள். என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வேர்ட் தன்பாட்டுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மீட்பு நகல் எடுத்து வைக்கும். சேவ் செய்யாமலே மூடிவிட்டால் கடைசி நம்பிக்கை அதுதான். ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், அதற்குள் ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். பல நேரம் கிடைத்துவிடும். அதை நம்பி உட்கார வேண்டாம்.

சிலேட்டு புரிந்துவிட்டால் ஸ்லீப், ஹைபர்னேட், ஷட்டவுன் குழப்பமும் தீர்ந்துவிடும். ஸ்லீப்பில் திரை அணைந்திருக்கும், ஆனால் சிலேட்டுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தட்டியதும் எழுந்துவிடுகிறது. ஹைபர்னேட்டில் சிலேட்டில் இருப்பதை அப்படியே நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். ஷட்டவுனில் எல்லாம் துடைக்கப்படும் என்று நினைப்போம். இங்கேதான் ஒரு சின்ன தில்லுமுல்லு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்ற வசதி பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இயல்பாகவே ஆன் ஆகி இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடும். விண்டோஸின் உள்பகுதியை மட்டும் ஹைபர்னேட் மாதிரி டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக. ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படிச் செய்யாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும்.

ஆகவே பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது, சத்தம் வரவில்லை, வைஃபை பிடிக்கவில்லை என்றால் அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட்தான் சரியான வைத்தியம். சந்தேகம் இருந்தால் கண்ட்ரோல் – ஷிஃப்ட் – எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூ.வைச் சொடுக்குங்கள். "அப் டைம்" என்று ஒன்று இருக்கும். தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட்டவுன் செய்கிறவர்களின் கம்ப்யூட்டரிலும் அது நாள் கணக்கில் காட்டும். முதல்முறை பார்த்தால் நம்ப முடியாது.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால், சிலேட்டை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் முதலிடம் பிரவுசருக்கு. சிலேட்டில் இடம் தீர்ந்தால் விண்டோஸ் கொஞ்சத்தை நோட்டில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்துதான் "ஸ்லோ ஆயிடுச்சு" என்று நாம் சொல்வது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச ரேம் 4 ஜி.பி. அந்த 4 ஜி.பி.யில் இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டு, வேர்டையும் ஓட்டினால் முனகத்தான் செய்யும். டேப்களை மூடுங்கள். பழைய கம்ப்யூட்டரில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதுதான் கொடுக்கும் காசுக்கு அதிகப் பலன் தரும் வேலை. "ஒரே கிளிக்கில் வேகம்" என்று விளம்பரம் வரும் கிளீனர் புரோகிராம்கள் பக்கமே போகாதீர்கள். பாதி வெறும் வேஷம். மீதியில் சில ஆபத்தும்கூட.

எல்லா ஃபைலுக்கும் ஒரு முகவரி உண்டு

நோட்டில் ஏறிவிட்டது, சரி. எந்தப் பக்கத்தில்?

விண்டோஸ் சாவியையும் ஆங்கில ஈ (E) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். மேலே நீளமாக ஒரு முகவரிப் பட்டை இருக்கும். அதன் வெற்றிடத்தில் ஒரு தடவை சொடுக்கினால் முழு முகவரியும் தெரியும். சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டாக்குமென்ட்ஸ் என்று இடமிருந்து வலமாகப் போகும். சேவ் செய்யும்போதும் இதே மாதிரி ஒரு முகவரி காட்டும். அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அப்புறம் சேவ் அழுத்துங்கள். புதிதாகக் கற்கும் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கொஞ்ச நாள் வாய்விட்டுப் படித்தால் அப்புறம் கண்ணே தானாகப் படித்துவிடும்.

பலரும் தனி உலகம் என்று நினைக்கும் டெஸ்க்டாப்பும் இதே சி டிரைவில் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். திரையில் எப்போதும் தெரிகிறது என்பதால் அது பத்திரமான இடம் என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று சர்வீசுக்குக் கொண்டுபோகிறீர்கள். "சி டிரைவை ஃபார்மேட் பண்ணணும், ஒண்ணும் முக்கியமா இல்லையே?" என்று கேட்பார். "முக்கியமானது எல்லாம் டெஸ்க்டாப்புலதான் இருக்கு, சி டிரைவுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வருவோம். கல்யாண ஆல்பம் போயே போச்சு.

டவுன்லோடு செய்தது எங்கே போகிறது? நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டருக்கு. மின்கட்டண ரசீது, ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் வெப்பில் மருமகள் அனுப்பிய படம், எல்லாம் அங்கேதான் குவிகிறது. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல் – ஜே அழுத்தினால் இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஃபோல்டர் மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும். இது தெரியாமல் ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப இறக்குகிறவர்கள் அநேகம். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் சேர்ந்துகொண்டே போனால் அதுதான் அடையாளம்.

மெயிலில் வரும் இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. அவுட்லுக் மாதிரியான மெயில் புரோகிராமில் இணைப்பை அப்படியே இரட்டைச் சொடுக்கில் திறந்தால், அது ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் நகலெடுக்கப்பட்டு அங்கிருந்து திறக்கும். சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாத இடம் அது. நீங்கள் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறீர்கள், சேவும் கொடுக்கிறீர்கள். நோட்டில் ஏறத்தான் செய்கிறது. ஆனால் யாரும் பார்க்காத, எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படக்கூடிய பக்கத்தில். மெயிலுக்குத் திரும்பிப்போய் இணைப்பைத் திறந்தால் பழைய வெற்றுப் படிவம்தான் வரும். எனவே இணைப்பை முதலில் டவுன்லோடு செய்து, உரிய ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து திறந்து வேலை பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்கள் என்றால் வேர்டில் ஃபைல், ஓப்பன், ரீசென்ட் என்று போனால் கடைசியாகத் திறந்தவை வரிசையில் அது இருக்கலாம். உடனே திறந்து, எஃப்12 அழுத்தி, நல்ல இடத்தில் வைத்துவிடுங்கள்.

அந்த ரீசென்ட் பட்டியல் ஒரு பொக்கிஷம். "நேத்து அடிச்ச லெட்டரைக் காணோம்" என்று போன் வந்தால் நான் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். அதில் இல்லையென்றால் எக்ஸ்ப்ளோரரின் தேடல் கட்டத்தில் பெயரில் நினைவிருக்கும் ஒரு சொல்லை அடித்துப் பார்க்கலாம். ஆனால் ஃபைலின் பெயர் "டாக்1" என்று இருந்தால் எதை அடிப்பது? பெயர் வைப்பதில் ஒரு எளிய வழி: ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களை முதலில் போட்டு, பின்னால் விஷயத்தை எழுதுங்கள். 2025-03-14 வீட்டுவரி ரசீது, இப்படி. பெயர் வரிசையில் அடுக்கினாலே தேதி வரிசை வந்துவிடும். "ஃபைனல்", "புது ஃபைனல்", "கடைசி ஃபைனல்" என்று வைத்துக்கொண்டு எது கடைசி என்று தேடும் வேலை மிச்சம். ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். விண்ணப்பத் தளங்களில் ஏற்ற வேண்டிய ஃபைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். சில தளங்கள் வேறு எதையும் ஏற்பதில்லை.

பெயரின் வால் பகுதி இன்னொரு முக்கியமான சங்கதி. ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் கடைசியில் புள்ளி வைத்து, டாக்ஸ், பி.டி.எஃப்., ஜே.பி.ஜி. என்று வகையைச் சொல்லும் எழுத்துகள் இருக்கும். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். அழகுக்காகச் செய்தார்களோ என்னவோ, மோசடிக்காரர்களுக்குத்தான் அது வசதியாகப் போயிற்று. "பில் புள்ளி பி.டி.எஃப். புள்ளி இ.எக்ஸ்.இ." என்று ஒரு ஃபைல் வந்தால் கடைசி வால் மறைந்து, பி.டி.எஃப். மாதிரியே கண்ணுக்குத் தெரியும். திறந்தால் ஓடுவது ஒரு புரோகிராம். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் (விண்டோஸ் 11 என்றால் அதற்குள் ஷோ) ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தால் நான் செய்யும் முதல் வேலை இது.

பென்டிரைவில் போனது என்ன?

ஜெராக்ஸ் கடையில் திறக்காத ஃபைலுக்கு வருவோம். டெஸ்க்டாப்பில் சில படக்குறிகளின் இடது மூலையில் சின்னதாக வளைந்த அம்பு ஒன்று இருக்கும். அது ஷார்ட்கட். அதாவது ஃபைல் வேறு எங்கோ இருக்கிறது. இது அதன் முகவரி எழுதிய சீட்டு மட்டும். அதை பென்டிரைவுக்கு நகலெடுத்தால் சீட்டுதான் போகும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த முகவரியில் எதுவும் இல்லாததால் திறக்காது. அம்பு இருந்தால் ரைட் கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். அசல் இருக்கும் இடம் வரும். அங்கிருந்து நகலெடுங்கள். எடுத்த பிறகு அளவைப் பாருங்கள். நாற்பது பக்கப் புராஜெக்ட் ரிப்போர்ட் 2 கே.பி. என்று காட்டினால் நீங்கள் கொண்டுபோவது சீட்டுதான்.

மவுஸால் இழுத்துப் போடுவதில் ஒரு விசித்திரம். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் ஃபைல் இடம் மாறும். சி டிரைவிலிருந்து பென்டிரைவுக்கு இழுத்தால் நகல் போகும், அசல் இருக்கும். ஒரே செயல், இரண்டு விளைவு. "இழுத்தேன், பழைய இடத்துல காணோம்" என்பவருக்கு நடந்தது முதலாவது. குழப்பமே வேண்டாம் என்றால் மவுஸின் வலது பொத்தானை அழுத்தியபடி இழுங்கள். விடும்போது, நகலா இடமாற்றமா என்று கம்ப்யூட்டரே கேட்கும். இந்த வழி பலருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது. கை தவறி எங்கோ போட்டுவிட்டால் பதறாமல் கண்ட்ரோல் – இசட். கடிதத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்ப்ளோரரிலும் செய்யும். இடம் மாறிய ஃபைல் திரும்பி வரும்.

பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஆனாலும் ஒரு பெரிய வீடியோ மட்டும் ஏறமாட்டேன் என்கிறது என்றால், அந்த பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கலாம். அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி.யை எட்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

1 டி.பி. டிஸ்க் வாங்கிவந்து பார்த்தால் 931 ஜி.பி.தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு புகாரும் அடிக்கடி வரும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் 1,000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. இடத்தைக் குறை சொல்வதென்றால் 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்க்கைத்தான் சொல்ல வேண்டும். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று ஒரு செல்போன் படத்துக்கே அது சரியாகப் போய்விடும்.

டெலீட் பற்றிச் சுருக்கமாக. கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் அழித்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். திறந்து, ரைட் கிளிக் செய்து, ரீஸ்டோர் கொடுத்தால் பழைய முகவரிக்கே திரும்பும். பென்டிரைவில் அழித்தால் பொதுவாக அந்த வழி கிடையாது, நேராகப் போய்விடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தாலும் அப்படியே. ஆனால் போய்விட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னாலும், சுழலும் டிஸ்க்கிலும் பென்டிரைவிலும் எழுத்துகள் உடனே அழிவதில்லை. அந்த இடம் காலி என்று ஒரு குறி மட்டும் போடப்படுகிறது. மேலே வேறு எதையாவது எழுதும்வரை அடியில் பழையது இருக்கும். அதனால் முக்கியமானது போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே அந்த பென்டிரைவை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் புதிதாக எதையும் ஏற்றாமல் இருந்தால் மீட்புப் புரோகிராம் வைத்து எடுத்துவிட வாய்ப்பு அதிகம். எஸ்.எஸ்.டி.யில் இந்தச் சலுகையை நம்ப முடியாது. காலி இடத்தை அது பின்னணியில் தானே சுத்தம் செய்துவிடும்.

மேகத்தில் இருப்பது

இப்போது மூன்றாவதாக ஓர் இடமும் வந்துவிட்டது. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரியானவை. எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் டிஸ்க்தான் அது. மேகம் என்பதெல்லாம் பெயருக்கு. கூகுள் 15 ஜி.பி.யும், மைக்ரோசாஃப்ட் 5 ஜி.பி.யும் இலவசமாகத் தருகின்றன. கூகுளின் அந்த 15-இல் உங்கள் மெயிலும் போட்டோக்களும் சேர்த்துத்தான் கணக்கு.

புதிய விண்டோஸ் கம்ப்யூட்டரை முதலில் ஆரம்பிக்கும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் போய்விட வாய்ப்பு உண்டு. முகவரிப் பட்டையில் உங்கள் பெயருக்கு அடுத்து ஒன்டிரைவ் என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல நிற மேகக் குறி இருந்தால் அந்த ஃபைல் இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது, இணையம் இருந்தால்தான் திறக்கும். பச்சை டிக் இருந்தால் இங்கேயும் ஒரு நகல் உண்டு. ரயிலில் போகும்போது லேப்டாப்பில் பார்க்க வேண்டிய ஃபைல் என்றால் வீட்டிலேயே ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்துவிடுங்கள்.

இதில் பலர் அடிபடும் இடம் ஒன்று. மேகத்தில் இருப்பது தனி நகல், இங்கே அழித்தால் அங்கே பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, இடம் போதவில்லை என்று இங்கிருப்பதை அழித்துவிடுகிறார்கள். இது ஒத்திசைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலையே. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், போனிலும் காணாமல் போகும். உடனே கவனித்தால் தப்பிக்கலாம்: கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியிலும், ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியிலும் 30 நாள் இருக்கும். இடத்தை மட்டும் காலி செய்ய வேண்டும் என்றால் ரைட் கிளிக்கில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் பேக்கப் எது? ஒரு பக்கம் கெட்டுப்போனால் இன்னொரு பக்கம் அதனால் பாதிக்கப்படாமல் இருக்க வேண்டும். அதுதான் பேக்கப். சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் நகலெடுத்து வைப்பது ஃபார்மேட்டிலிருந்து காப்பாற்றும், ஆனால் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பென்டிரைவ் எடுத்துச் செல்வதற்கு நல்லது, வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வதற்கு அல்ல. அதில் எழுத்துகள் மின்னூட்டமாகத்தான் நிற்கின்றன, ரேமைப் போல நொடியில் கசியாவிட்டாலும் பல ஆண்டுகளில் மெல்லக் கசியும்.

தொழில்முறையில் இருப்பவர்கள் மூன்று – இரண்டு – ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கடைசி எண் நமக்குத் தேவையா என்று தோன்றும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் பக்கத்து அலமாரியில் வைத்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தன. வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு டிஸ்க், அல்லது மேகத்தில் ஒரு பிரதி இருந்திருந்தால் அது தப்பியிருக்கும்.

சாதாரண வீட்டுக்கு இவ்வளவு போதும்: ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எதை இழந்தால் திரும்ப உண்டாக்க முடியாதோ அதை மட்டும் அதில் போடுங்கள். குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், சான்றிதழ்கள், கணக்குகள். திரைப்படங்களும் புரோகிராம்களும் வேண்டாம், அவை மறுபடி கிடைக்கும். மாதத்துக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு நிலையான தேதியில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நகலெடுத்து முடிந்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் யு.எஸ்.பி. குறியைச் சொடுக்கி எஜெக்ட் கொடுத்து, கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். செருகாத டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

அப்புறம், நகலெடுத்ததோடு நிற்காமல் அந்த டிஸ்க்கிலிருந்து ஏதாவது இரண்டு படத்தையும் ஒரு பி.டி.எஃப்.ஐயும் திறந்து பாருங்கள். வளைந்த அம்பு இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதே டிஸ்க்கை வேறு யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டரில் செருகித் திறக்கச் சொல்லுங்கள். அங்கேயும் திறந்தால் அது பேக்கப்.